பட்டாளத்து ஆக்சில்

கடமான்பாறைக்கு ரோடு என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒரு தடம்தான். ஊரிலிருந்து அது சரிந்து இறங்கி நெட்டோடைக்கு வரும், அங்கே தேக்குக் கட்டைகளை அடுக்கிப் போட்ட பாலத்தைத் தாண்டும், தாண்டிய கையோடு வழுக்குப்பாறை ஏற்றத்தில் ஏறும், பிறகு வளைந்து வளைந்து அடிவாரத்து ஊருக்குப் போய்ச் சேரும். அந்தத் தடத்தில் ஓடிய ஒரே வண்டி பரமனின் ஜீப். எங்களுக்கு அதுதான் பஸ், அதுதான் மிளகு மூட்டை போகிற வண்டி, அதுதான் ஆஸ்பத்திரி வண்டி. ஓர் ஐப்பசி மழையில், ஒச்சம்மா பிரசவ வலியோடு பின்னால் படுத்திருக்க, வழுக்குப்பாறையின் பாதி ஏற்றத்தில் அந்த ஜீப்பின் ஆக்சில் கரும்பு ஒடிவதுபோல ஒரே சத்தத்தில் முறிந்தது. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒச்சம்மா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அவளோ அவள் புருஷன் வீரணனோ பரமனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரமனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்து வீட்டுக்குள் படுத்துக்கொண்டார். தை பிறந்து மிளகு பறிப்பு முடிந்த பிறகு ஊர் கூடி, மலை ஏறுகிற லாரி ஒன்றை நாமே கட்டிக்கொள்வோம் என்று முடிவெடுத்தபோதுதான் எழுந்து வந்தார்.

"எஞ்சின் கிடைச்சிரும். சேஸும் கிடைச்சிரும். பலகை வேலைக்கு நம்ம ஊர்லயே ஆள் இருக்கு," என்றார் பரமன். "ஆக்சில்தான் நல்லதா வேணும். நாலு சக்கரமும் இழுக்கணும். மிலிட்டரிக்காரன் கழிச்சுப்போட்ட ஆக்சில் ஒரு ஜோடி கிடைச்சா நம்ம மலை ஒண்ணுமில்லை."

"நானும் கூட வர்றேண்ணே," என்றாள் ஒச்சம்மா.

"நீ எதுக்கும்மா, அலைச்சலு."

"ஒடிஞ்சது எப்படி இருக்கும்னு பாத்துட்டேன். ஒடியாதது எப்படி இருக்கும்னு பாக்கணும்."

புறப்படுவதற்கு முந்தைய நாள் அவள் தனியாகக் கழுத்து வளைவுக்கு நடந்து போனாள். ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் பள்ளமுமாகத் தடம் ஆகக் குறுகுவது அங்கேதான். பாறையிலிருந்து பள்ளத்தின் விளிம்புவரை கயிறு பிடித்து, ஒரு முழம் உள்ளே தள்ளி வெட்டி, மறுநாள் அந்தக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பரமனோடு அடிவாரத்துக்கு நடந்து இறங்கி பஸ் ஏறினாள்.

மீரான் பாயின் காயலாங்கடை, பஸ் போய் நின்ற டவுனுக்கு வெளியே, புளியமரங்களுக்கு நடுவே, ஒரு கண்மாய் அகலத்துக்குக் கிடந்தது. வடக்கே பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விடுகிற வண்டிகளை அவர் மொத்தமாக எடுத்து வந்து உரித்துப் பிரித்து வைத்திருந்தார். எஞ்சின்கள் ஒரு பக்கம், கதவுகள் ஒரு பக்கம், நடு வெளியில் வரிசை வரிசையாக ஆக்சில்கள். சக்கரத்துக்குச் சக்கரம் நீண்ட இரும்பும், பல்சக்கரம் குடியிருக்கும் புடைத்த வயிறுமாக அவை வெயிலில் கிடந்ததைப் பார்த்தபோது, மேய்ந்து களைத்துப் படுத்த எருமைக் கூட்டம் மாதிரி இருந்தது என்று ஒச்சம்மா பின்னால் எங்களிடம் சொன்னாள்.

அவள் கயிற்றை அவிழ்த்து ஒவ்வொன்றின் மேலும் பிடித்தாள். கயிற்றைத் தாண்டி நீண்டதெல்லாம் கழிந்தது. பெரிய பெரிய டிரக்குகளின் ஆக்சில்கள், பார்க்கவே மலைப்பானவை, அத்தனையும் கழிந்தன. மிச்சமிருந்தவற்றின் பக்கத்தில் பரமன் குத்தவைத்து உட்கார்ந்து, மூடியைத் திருகித் திறந்து, உள்ளே இருந்த ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்து வெயிலில் காட்டினார். மின்னினால் உள்ளே பல் தேய்ந்து பொடியாகியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் பக்கத்தில் போட்டு, இரண்டும் ஒரே கணக்கில் சுற்றுகின்றனவா என்று கையால் உருட்டிப் பார்த்தார்.

"கணக்கு மாறிச்சுன்னா முன்னது ஒரு வேகத்துல இழுக்கும், பின்னது ஒரு வேகத்துல இழுக்கும். ஒண்ணை ஒண்ணு கடிச்சே ரெண்டும் செத்துப்போகும்," என்று ஒச்சம்மாவுக்கு விளக்கினார்.

வெயில் சாயும்போது இரண்டு ஜோடிகள் மிஞ்சின. ஒன்று, பெயின்ட் கூட உரியாத பச்சை. இன்னொன்று கறுத்து, சிராய்த்து, வயிற்றுப்பக்கம் ஒரு தழும்புபோலப் பற்றவைப்பு ஓடியது. மடிப்புகளில் எங்கள் பக்கத்தில் கிடைக்காத சாம்பல் நிற மண் ஒட்டியிருந்தது.

"இது டிப்போவை விட்டே வெளியே போகாத வண்டியில இருந்தது," என்று பச்சையைக் காட்டினார் மீரான் பாய். "அது பனிமலைக்கெல்லாம் போன வண்டி. பல தடவை சேத்துல எறங்கி ஏறி வந்தது. ஆனா ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லிடறேன் தம்பி. அதை எடை போட்டு விக்க முடியல. காலையில ஒரு எடை காட்டுது, சாயந்திரம் ஒரு எடை காட்டுது. சில நாள் நாலு பேர் தூக்கிடறாங்க. சில நாள் கிரேன் முக்குது. மத்தபடி நல்ல சாமான்."

பரமனுக்குப் பச்சை மேல்தான் மனசு. புதுசு, ஒடியாது. ஒச்சம்மாவைப் பார்த்தார்.

"சேத்துல ஒருநாளும் மாட்டாததை நம்பி எப்படிண்ணே ஏறுறது?" என்றாள் அவள். "மாட்டிக்கிட்டு வெளிய வந்தது எதுவோ அதை எடுங்க."

கறுத்த ஜோடி மலையேறியது அப்படித்தான். வைகாசிக்குள் வண்டி முடிந்தது. அடிச்சட்டத்துக்குப் பழைய சேஸ், பழைய எஞ்சின், எங்கள் ஊர் வேங்கைப் பலகையில் தொட்டி, இரு பக்கமும் உட்கார நீளப் பலகை. பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பரமன் வண்டியை எடுத்தபோது ஓர் ஆள்கூட அதில் ஏறவில்லை. ஆனாலும் ஸ்பிரிங் பட்டைகள், ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே ஏறி உட்கார்ந்த மாதிரி, நன்றாக அமிழ்ந்திருந்தன. வெறும் வண்டி ஈர மண்ணில் ஆழமாகத் தடம் பதித்துக்கொண்டு போவதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். பரமன் இறங்கிப் பட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு பட்டை சேர்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

முதல் மழைக்கு வண்டி வழுக்குப்பாறை ஏற்றத்தில் மாட்டிக்கொண்டது. சக்கரம் சேற்றில் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தது. பரமன் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். அப்போது ஸ்பிரிங் பட்டைகள் ஒவ்வொன்றாகப் பெருமூச்சு விட்டதுபோலச் சத்தம் கேட்டது, வண்டி சட்டென்று கனம் குறைந்து உயர்ந்தது, பின்னால் சேற்றில் பூட்ஸ் தடங்கள் பதிந்தன. முதலில் இரண்டு, பிறகு நாலு, பிறகு எண்ண முடியாதபடி ஒன்றின் மேல் ஒன்றாக, முன்பாதம் அழுத்தமாகவும் குதிகால் லேசாகவும், முட்டுக்கொடுத்துத் தள்ளுகிற ஆட்களின் தடங்கள். ஆட்களைக் காணோம். வண்டி அசைந்தது, ஏறியது, மேட்டில் போய் நின்றது. தடங்கள் வண்டியின் பின்பலகைவரை நடந்து வந்து முடிந்தன. ஸ்பிரிங் பட்டைகள் மறுபடி அமிழ்ந்தன.

"ஏறிட்டாக. போகலாம்ணே," என்றாள் வண்டியில் இருந்த மயிலாத்தா. அவள் பாலத்துப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவள். அன்றைக்குச் சர்க்கரை வாங்க அடிவாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் அவர்கள் எங்கள் ஊருக்குப் பழக்கமானார்கள். பட்டாளத்தார் என்று நாங்கள் அவர்களைச் சொன்னோம். எந்த மலையில், எந்தப் பனியில் அந்த வண்டி நின்றுபோனது என்று யாரும் விசாரிக்கவில்லை. எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்ததெல்லாம் அவர்களோடு எப்படிப் போய்வருவது என்பதுதான், அதை நாளாக நாளாகக் கற்றுக்கொண்டோம். ஏறும்போது, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று பொதுவாகச் சொல்ல வேண்டும், சொன்னால் பலகையில் இடம் கிடைக்கும், அந்த இடம் சற்று நேரம் சில்லென்று இருக்கும். வண்டிக்குள் எச்சில் துப்புவது நின்றது. கெட்ட வார்த்தை குறைந்தது. அடிவாரத்துக் காலேஜுக்குப் போகிற பிள்ளைகள், மற்ற பஸ்ஸில் போவதைவிட இதில் போவது நிம்மதி என்றார்கள், மூலை இடத்தைப் பட்டாளத்தார் எப்போதும் பெண்பிள்ளைகளுக்கு விட்டுவிடுவார்களாம். மயிலாத்தா வண்டி நிற்கும்போதெல்லாம் பின்பலகையில் ஒரு தட்டு நிறைய டீ கிளாஸ்களை வைப்பாள். டீ குறையாது. ஆனால் எடுத்துக் குடித்துப் பார்த்தால் சர்க்கரை மட்டும் இருக்காது.

பட்டாளத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்ற தவசி, தினமும் வண்டிக்கு ஒரு சல்யூட் வைத்து, தனக்கு மறந்தும் மறக்காமலும் இருந்த இந்தியில் நலம் விசாரித்தார். பதில் வந்ததா என்று கேட்டால், "ரேங்க் குறைஞ்சவங்கிட்ட உடனே பேசிருவாகளா?" என்பார். கோயில் பூசாரி, ஓடைக்கரையில் அவர்களுக்கு ஒரு பீடம் எழுப்பலாம் என்று சொல்லிப் பார்த்தார். மயிலாத்தா ஒத்துக்கொள்ளவில்லை.

"சாமி ஆக்கிட்டா வருசாவருசம் கெடா கேப்பீக. அவுக அவுக பாட்டுக்குத் தள்ளிவிட்டுட்டு உக்காந்திருக்காக. விடுங்க."

மழைக்காலம் முழுக்க அவர்களைக் கொண்டாடிய நாங்கள், மழை நின்று தடம் காய்ந்ததும் முணுமுணுக்க ஆரம்பித்தோம். ஏனென்றால் காய்ந்த தடத்தில் அவர்கள் வெறும் பாரம். பத்து மூட்டை மிளகு ஏற்ற வேண்டிய இடத்தில் ஐந்து மூட்டைதான் ஏற்ற முடிந்தது, டீசலையும் வண்டி தண்ணீர் மாதிரிக் குடித்தது. ஊர் கூடியது. மீரான் பாயிடம் அந்தப் பச்சை ஜோடி இன்னும் கிடக்கிறது, இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி மாட்டினால் என்ன என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களில் வீரணனும் ஒருவன். பரமன் ஒச்சம்மாவைப் பார்த்தார். அவள் அப்போது மறுபடி முழுகாமல் இருந்தாள்.

"மாத்துறதுன்னா மாத்துங்க," என்றாள். "ஆனா ஒண்ணு யோசிச்சீகளா? இத்தனை மாசம் நம்ம ஊருக்கு வந்து வந்து போறாக. தள்ளுறதுக்கு எறங்குறாக, தள்ளி முடிச்சதும் ஏறிக்கிறாக. ஒருநாளாவது, ஒருத்தராவது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு எட்டு நடந்து போனாகளா? தடம் எல்லாம் பலகையில ஆரம்பிச்சுப் பலகையிலேயே முடியுது. அவுகளுக்கு ஏறத் தெரியுது. எறங்கிப் போகத் தெரியல. அப்படிப்பட்டவுகளைக் காயலாங்கடையில கொண்டு போடப் போறீகளா?"

வீரணன் தலையைக் குனிந்துகொண்டான். ஆக்சிலை யாரும் மாற்றவில்லை.

அடுத்த ஐப்பசியில், அடைமழையின் நடுவில், விடிந்து வெளிச்சம் பரவிய நேரத்தில் ஒச்சம்மாவுக்கு வலி எடுத்தது. வைக்கோல் பரப்பி, மேலே கம்பளி விரித்து, அவளை வண்டியில் படுக்கவைத்தோம். வீரணன், மயிலாத்தா, தவசி, இன்னும் நாங்கள் சிலர் ஏறிக்கொண்டோம். பரமன் வண்டியைக் கிளப்பினார்.

நெட்டோடைக்கு வந்தபோது தண்ணீர் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. நடுக் கட்டைகளில் இரண்டு விரிசல் விட்டிருந்தன. பரமன் இறங்கிப் போய்க் காலால் மிதித்துப் பார்த்தார். தண்ணீருக்குள் எதுவோ முனகியது. திரும்பி வந்து சொன்னார்.

"வண்டி மட்டும்னா தாங்கும். நாமளும் எறங்கி நடந்துக்கலாம். ஆனா அவுக பாரத்தோட போனா நடுவுல முறியும்."

அவளைத் தூக்கிக்கொண்டு நடந்து பாலத்தைத் தாண்டலாம். தாண்டி? அடிவாரம்வரை டோலியில் போன கதை எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. வண்டி அக்கரை போயாக வேண்டும்.

நாங்கள் இறங்கினோம். பட்டைகள் அசையவில்லை. தவசி விறைப்பாக நின்று சல்யூட் வைத்து, பெரிய குரலில் இந்தியில் இறங்கச் சொல்லி உத்தரவு போட்டார். பட்டைகள் அசையவில்லை. இரண்டாம் தடவை குரல் உடைந்து கெஞ்சலாகச் சொன்னார். வண்டி அப்படியே அமிழ்ந்து நின்றது.

"தள்ளுறதுக்குத்தான் எறங்குவாக," என்றாள் மயிலாத்தா. "சும்மா எறங்கச் சொன்னா அவுகளுக்குப் புரியலை."

ஒச்சம்மா பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். ஒரு வலி வந்து போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, இரு பக்கமும் வெறுமையாகக் கிடந்த பலகைகளைப் பார்த்து, வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"உங்க பேரு எனக்குத் தெரியாது. என்ன பாஷைன்னும் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். உங்களை ஏத்திவிட்டவுக எங்க எறங்கணும்னு சொல்லாமலே விட்டுட்டாக போல. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன், எங்களுக்கும் சொல்லத் தோணலை. தள்ளுறதுக்கு நீங்க வேணும்னு நாங்களும் கம்முனு இருந்துட்டோம்." மழை அவள் முகத்தில் வழிந்தது. "இனி எங்கேயும் போக வேணாம். நீங்க போற எடம் வந்திருச்சு. இதுதான் ஊரு. மேல நடந்தா வீடு இருக்கு, அடுப்பு எரியுது. எறங்குங்க சாமி. வந்து சேந்தாச்சு, எறங்குங்க."

பிறகு ஒரு பட்டை நிமிர்ந்தது. அப்புறம் இன்னொன்று. ஒருத்தர் பின் ஒருத்தராக, அவசரமில்லாமல், நெடுந்தூரம் உட்கார்ந்து வந்து கால் மரத்துப்போனவர்கள் இறங்குவதுபோல, வண்டி கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. நாங்கள் ஒரு நாளும் அது அவ்வளவு உயரத்தில் நின்று பார்த்ததில்லை. பின்பலகைக்கு அடியில் சேறு முழுக்கப் பூட்ஸ் தடங்களாக இருந்தன. வழக்கம்போலச் சக்கரங்களுக்குப் பின்னால் அவை கூடவில்லை. வழிவிட்டு ஓரமாக நின்றன.

ஒச்சம்மா உள்ளேயே இருக்க, பரமன் வண்டியை எடுத்தார். கட்டைகள் அலறின, தாங்கின. பின்சக்கரம் அக்கரை மண்ணைத் தொட்டதும் நாங்களும் கைகோத்துக்கொண்டு பாலத்தில் ஓடிவந்து சேர்ந்தோம். கடைசியாக வந்த தவசி கரையேறிய பிறகு, நடுக் கட்டைகள் இரண்டும் விட்டுப்போய், பாலம் முழுவதும் தண்ணீரோடு போனது.

விட்டு வந்த ஊர்க்கரையில் தடங்கள் நின்றிருந்தன. நாங்கள் வண்டியில் ஏறிக்கொண்டோம், எங்களுக்கு முன்னால் வழுக்குப்பாறை இருந்தது.

பாதி ஏற்றத்தில், அதே இடத்தில், சக்கரம் சுற்றியது. கனமில்லாத வண்டி சேற்றில் பின்பக்கமாக ஒதுங்கிப் பள்ளத்தைப் பார்த்தது. பரமன் கதவைத் திறந்து பின்னால் பார்த்தார், பழக்கத்தில். தள்ள அங்கே யாரும் இல்லை. "என்னடா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீக!" என்று கத்திக்கொண்டே முதலில் குதித்தவள் மயிலாத்தா. வீரணன் குதித்தான், தவசி எழுபது வயதோடு குதித்தார், நாங்கள் எல்லோரும் குதித்தோம். பலகையில் தோளைக் கொடுத்து, கால்விரலைச் சேற்றில் ஊன்றி, உள்ளே அவள் கதறுகிற ஒவ்வொரு கதறலுக்கும் சேர்ந்து முக்கித் தள்ளினோம். கறுத்த ஆக்சில் இரண்டும், முன்னதும் பின்னதும், ஒரே கணக்கில் சுற்றி, மண்ணைக் கவ்வி, ஓர் அடி, இன்னோர் அடி என்று மேலே இழுத்தன. மேடு ஏறியதும் பரமன் நிற்காமல், "ஓடி வந்து ஏறுங்க!" என்று கூவினார். ஏறினோம்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில், மதியத்துக்கு முன்னால், ஒச்சம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பரமன் உள்ளே வரவில்லை. வெளியே வண்டிக்கு அடியில் படுத்து, ஆக்சிலின் சேற்றைக் கையால் வழித்துக்கொண்டே அழுதுகொண்டிருக்கிறார் என்று நாங்கள் சொன்னதைக் கேட்டு, பிள்ளையை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டச் சொன்னாள் ஒச்சம்மா. சேற்றுக் கையால் தொட மாட்டேன் என்றார். வீரணன் பிள்ளையை அவர் மார்பில் வைத்தான்.

மழை விட்டு, தண்ணீர் வடிந்து, ஓடையில் கல் போட்டுத் தாண்ட வழி பண்ணிய பிறகு நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். வண்டியை இக்கரையிலேயே நிறுத்திவிட்டு, பிள்ளையைச் சேலைக்குள் பொதிந்துகொண்டு ஒச்சம்மா முன்னால் நடந்தாள். ஊர்க்கரை ஏறியதும் அவள் நின்றாள். ஓரமாக ஒதுங்கி நின்ற அந்தத் தடங்கள், மழை கலைத்தும் கலைக்காமலும் இன்னும் இருந்தன. இந்தத் தடவை அவை அந்த இடத்தோடு முடியவில்லை. தயங்கித் தயங்கிச் சிறிது தூரம் பூட்ஸாகவே போயின. அதற்கப்புறம், மேலே ஊருக்குப் போகிற தடத்தில் வெறும் பாதங்கள் பதிந்திருந்தன. விரல் விரலாக, அகலமும் ஒல்லியுமாக, ஒன்று லேசாக நொண்டி, பாறை தட்டுப்பட்ட இடத்தில் சுற்றிக்கொண்டு, பொடிநடையாகப் போயிருந்தன.

"கழட்டிட்டாக," என்றார் தவசி. மெதுவாகத்தான் சொன்னார். அதன்பின் அவர் சல்யூட் வைக்கவில்லை.

நாங்கள் வருவதைப் பார்த்து மேலேயிருந்து ஊர்ச்சனம் பிள்ளையைப் பார்க்க ஓடி வந்தது. செருப்பில்லாத கால்கள் அந்த ஈர மண்ணில் சரசரவென்று இறங்கி வந்தன. "ஐயோ, மிதிக்காதீக, மிதிக்காதீக!" என்று மயிலாத்தா கையை ஆட்டிக் கத்தினாள். அதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். எது பட்டாளத்தார் பாதம், எது எங்கள் பாதம் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி தடம் முழுக்கக் கால்களாகிப் போனது. ஒச்சம்மா ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சேலையை விலக்கி, பிள்ளையின் முகத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.